பட்டியலில் இயேசு: ‘ஏ ரிங்கிள் இன் டைம்’ நாவலைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் படிக்கலாமா?

பிப்ரவரி 2, இரவு 11.40

கேள்வியை நேராகவே கேட்டுவிடுகிறேன். இயேசுவை ஐன்ஸ்டைன், காந்தி, புத்தர் இவர்களோடு ஒரே பட்டியலில் சேர்க்கும் நாவலைக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை கையில் கொடுக்கலாமா?

நாவல், மேடலின் லெங்கிளின் ‘ஏ ரிங்கிள் இன் டைம்’. அமெரிக்காவில் 1962-இல் வந்தது, மறு ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம். என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். அவளுக்கு முன்னால் நான் படித்துவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். இப்போதுதான் முடித்தேன், அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன். கூம்புத் தொப்பியும் துடைப்பமுமாக ஒரு கிழவி வருகிறாள். படிகக் கோளத்தில் பார்த்துக் காட்டும் பெண் ஒருத்தி வருகிறாள். நடுவில் அந்தப் பட்டியல். சபையில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறவன் நான். போன வாரம் ஒரு தாயார் இதே புத்தகத்தைப் பற்றிக் கேட்டபோது, படிக்காமலேயே “வேண்டாம் சிஸ்டர்” என்று சொல்லியிருந்தேன். இப்போது படித்துவிட்டு அதையே சொல்கிறேன்.

மறுப்பவர்கள் மறுக்கலாம். ஆனால் படித்துவிட்டு வாருங்கள்.

பிப்ரவரி 3, காலை

கதை தெரியாமல் எப்படி மறுப்பது என்று இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். சரி, சுருக்கமாக. முடிவையும் சொல்லிவிடுவேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

மெக் மர்ரி என்ற பெண். மூக்குக்கண்ணாடி, பல்லில் கம்பி, பள்ளியில் எல்லாரோடும் சண்டை. அப்பா இயற்பியலாளர், அரசாங்க வேலையாகப் போனவர் காணாமல் போய்விட்டார். ஊர் கண்டபடி பேசுகிறது. தம்பி சார்ல்ஸ் வாலஸுக்கு ஐந்து வயது, பேச்சு ஐம்பது வயது. இவர்களோடு கால்வின் என்ற பள்ளித் தோழன். மிஸஸ் வாட்ஸிட், மிஸஸ் ஹூ, மிஸஸ் விச் என்று மூன்று விசித்திரக் கிழவிகள் இவர்களைக் கிரகம் விட்டுக் கிரகம் கூட்டிப்போகிறார்கள். துணியின் இரண்டு முனைகளை மடித்து ஒன்றாகச் சேர்த்தால் எறும்பு நடக்காமலே அக்கரை சேர்ந்துவிடும் அல்லவா, அதுதான் பயண முறை. அண்டத்தையே ஓர் இருள் கவ்வப் பார்க்கிறது. அப்பா அந்த இருளின் பிடியிலுள்ள கமாஸோட்ஸ் என்ற கிரகத்தில் சிறைப்பட்டிருக்கிறார். அங்கே ஆள்வது ‘இட்’. உடம்பில்லாத ஒரு பெரிய மூளை. அப்பா மீட்கப்படுகிறார், தம்பி மாட்டிக்கொள்கிறான். கடைசியில் மெக் தனியாகத் திரும்பிப் போய்த் தம்பியை மீட்கிறாள்.

போதுமா?

பிப்ரவரி 3, இரவு

ஒரு திருத்தம், வெட்கத்தோடு. பட்டியல் இருக்கும் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நேற்று நான் எழுதியதைப் படித்தவர்கள், யாரோ பத்துப் பெரியவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு இடையில் இயேசுவையும் சொருகியிருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தேன். அப்படி இல்லை.

இருளை எதிர்த்து நம் பூமியிலிருந்து போராடியவர்கள் யார் என்று பேச்சு வருகிறது. மிஸஸ் ஹூ பதிலாக யோவான் 1:5-ஐச் சொல்கிறாள்: “அந்த ஒளி இருளிலே பிரகாசிக்கிறது, இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை.” உடனே அந்த ஐந்து வயதுப் பையன் “இயேசு!” என்று கத்துகிறான். முதல் பெயர் அதுதான். விவிலிய வசனத்துக்கு விடையாக வரும் ஒரே பெயரும் அதுதான். அதற்குப் பிறகே டாவின்சி, மைக்கேலாஞ்சலோ, ஷேக்ஸ்பியர், பாக், பாஸ்டர், கியூரி அம்மையார், ஐன்ஸ்டைன், ஷ்வைட்சர், காந்தி, புத்தர், பேத்தோவன், ரெம்பிராண்ட், புனித பிரான்சிஸ். கணக்குப் பிரியையான மெக் கடைசியில் யூக்ளிடையும் கோப்பர்நிகஸையும் சேர்க்கிறாள்.

என் மறுப்பு போய்விடவில்லை. கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கிளைப்பேச்சு. லெங்கிள் எடுத்தாளும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில், இருள் ஒளியை ‘விளங்கிக்கொள்ளவில்லை’ என்று வரும். பிற்கால மொழிபெயர்ப்புகளில் ‘மேற்கொள்ளவில்லை’ என்று வரும். கிரேக்க மூலச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நம் தமிழில் ‘பற்றிக்கொள்ளவில்லை’. கையால் பிடிப்பதும் பற்றுவதுதான், மனத்தால் பிடிப்பதும் பற்றுவதுதான், ஏன், தீ பிடிப்பதும் பற்றிக்கொள்வதுதான். சின்ன வயதில் இந்த வசனத்தை நான் ஈர விறகு என்றே புரிந்துவைத்திருந்தேன். பக்கத்திலேயே நெருப்பு எரிகிறது, இந்த விறகு மட்டும் பற்றவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 5

சூனியக்காரி விஷயம். ‘மிஸஸ் விச்’ என்று தமிழில் எழுதினால் ‘எது’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லும் சூனியக்காரி என்ற சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன. காதால் கேட்டாலும் அதே கதைதான். ஆசிரியர் வேண்டுமென்றே விளையாடுகிறார். தொப்பியும் துடைப்பமும் அந்தக் கிழவி தமாஷுக்குப் போட்டுக்கொண்டு வரும் வேஷம்.

அவர்கள் உண்மையில் யார்? அந்தக் கிழவிகளைப் பற்றி விளக்க வேண்டிவரும்போது, தேவதூதர்கள், தேவனுடைய செய்தியாளர்கள் என்று கால்வின் உரக்கச் சொல்கிறான். மிஸஸ் வாட்ஸிட் முன்பு ஒரு நட்சத்திரமாக இருந்து, இருளோடு போரிட்டுத் தன் நட்சத்திர உயிரையே கொடுத்தவள். முதல் முறை அவள் வருவது, புயலடிக்கும் இரவில், கந்தையைச் சுற்றிக்கொண்டு, நாடோடிக் கிழவியாக. மர்ரி வீட்டார் சாண்ட்விச் கொடுக்கிறார்கள். எபிரெயர் 13:2-ஐ எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்: “அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு.” அந்த வசனமே கதையாகி வாசலில் வந்து நிற்கிறது, நான் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படிகக் கோளத்தையும் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அதில் அவர்கள் எதிர்காலத்தைப் பார்ப்பதில்லை. இருள் சூழ்ந்த பூமியையும், கால்வினுடைய அம்மாவையும், மெக்கின் அம்மா கடிதம் எழுதிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறார்கள். எதிர்காலம் இல்லையென்றால் குறிசொல்லுதல் எங்கே வந்தது?

பிப்ரவரி 6

வந்தது. ஒருவர் சரியாக மடக்கிவிட்டார். உபாகமம் 18:10-இல் குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன் இருவருக்கும் அடுத்து ‘அஞ்சனம்பார்க்கிறவன்’ இருக்கிறான். மை போட்டுப் பார்க்கிறவனிடம் ஜனங்கள் எதிர்காலம் கேட்டா போகிறார்கள்? காணாமல் போன பொருள் எங்கே, ஓடிப்போன ஆள் எங்கே என்றுதான். அதாவது இப்போது, தூரத்தில் என்ன நடக்கிறது என்று. கோளத்தில் பிள்ளைகள் பார்ப்பது சாட்சாத் அதுதான்.

நேற்றைய வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோளம் எனக்கு நெருடலாகவே இருக்கட்டும். இவ்வளவு வசனம் வைத்துக் கட்டிய கதையில் அதற்குப் பதில் ஒரு தொலைநோக்கி போதாதா?

பிப்ரவரி 9

லெங்கிளைப் பற்றிக் கொஞ்சம். 1918-இல் பிறந்தவர், 2007-இல் இறந்தார். எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தவர். நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் பல ஆண்டுகள் நூலகராக இருந்தார். இந்த நாவலை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. வெளிவந்த பிறகு, பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லி அமெரிக்காவில் அடிக்கடி புகார் வந்த புத்தகங்களில் இதுவும் ஒன்று. புகார் சொன்னவர்களில் பலர் நம்மவர்கள். அவர்கள் சொன்ன காரணங்களும் நான் முதல் நாள் சொன்னவைதான்: சூனியக்காரி, கோளம், பட்டியல். புதிதாக ஒன்றையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

கடைசியில் தேவ அன்பு ஒருவரையும் விட்டுவிடாது என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அதற்காகவும் குற்றம் சாட்டப்பட்டார். அது நியாயமான விவாதம், ஆனால் இந்த நாவலுக்குள் எனக்கு அது தட்டுப்படவில்லை. இதற்குள் தட்டுப்படுவதெல்லாம் வசனம்தான். யூரியல் என்ற கிரகத்துப் பிராணிகள் ஏசாயா 42-ஐப் பாடுகின்றன. சார்ல்ஸைத் தூங்கவைக்கக் கால்வின் ஆதியாகமம் வாசிக்கிறான். கண்ணே இல்லாத ‘ஆன்ட் பீஸ்ட்’ என்ற பிராணியின் உலகத்தில் 2 கொரிந்தியர் 4:18 வருகிறது: “காணப்படுகிறவைகள் அநித்தியமானவைகள், காணப்படாதவைகளோ நித்தியமானவைகள்.” கண் உள்ள நாம் சொல்லும்போது இல்லாத பாரம், கண்ணில்லாத பிராணி சொல்லும்போது அந்த வசனத்தில் ஏறிவிடுகிறது.

பிப்ரவரி 10

மிஸஸ் ஹூவுக்குச் சொந்தமாக வாக்கியம் அமைப்பது கஷ்டம். வாயைத் திறந்தால் பாஸ்கல், தாந்தே, செனக்கா, விவிலியம் என்று மேற்கோள்தான். இதைப் படித்துவிட்டு என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 16

கமாஸோட்ஸ் அத்தியாயத்தை இரண்டாம் முறை படித்தேன். தெருவில் வரிசையாக ஒரேமாதிரி வீடுகள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு பிள்ளை. எல்லாப் பந்தும் ஒரே நேரத்தில் தரையில் படுகிறது, எல்லாக் கயிறும் ஒரே நேரத்தில் சுழல்கிறது. ஒரே ஒரு பையனுக்குத் தாளம் தப்புகிறது. அவன் அம்மா அலறியடித்துக்கொண்டு அவனை உள்ளே இழுத்துப்போகிறாள்.

பிறகு ‘இட்’டின் முன்னால் நிற்கும்போது, அதன் தாளத்துக்குள் விழாமலிருக்க மெக் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கிறாள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள். எங்களிடமும் அதேதான் இருக்கிறது, எல்லாரும் அச்சடித்ததுபோல் இருக்கிறோமே என்று ‘இட்’ பதில் சொல்கிறது. மெக் ஒரு கணம் தடுமாறிவிட்டு, சமம் வேறு, ஒரேமாதிரி வேறு என்று கத்துகிறாள்.

முதல் வாசிப்பில் இதைக் கம்யூனிச எதிர்ப்பு என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். 1962 அல்லவா, பனிப்போர்க் காலம். இந்த முறை என் வகுப்பு கண்ணுக்குள் வந்து நின்றது. இருபத்திரண்டு பிள்ளைகள். நான் கேள்வி கேட்டால் ஒரே குரலில் பதில் வரும். அதுதான் நல்ல வகுப்பு என்று இத்தனை நாள் பெருமைப்பட்டேன். பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் “ஏன் சார்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். மூன்று முறை அவனை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன். பந்து தவறவிட்ட பையன்.

இதற்கு மேல் இந்தக் குறிப்பை எழுத மனம் வரவில்லை.

பிப்ரவரி 17, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று சொல்லாமல் விட்டது இன்னொன்று.

‘இட்’டிடமிருந்து தப்பும்போது அப்பா மெக்கையும் கால்வினையும் மட்டும் இழுத்துக்கொண்டு வேறு கிரகத்துக்குப் பாய்ந்துவிடுகிறார். பையன் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். மெக்குக்கு அப்பாமேல் கொலைவெறி. அந்த இடத்தில் அப்பா ரோமர் 8:28-ஐச் சொல்கிறார்: “தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்.” மெக் திருப்பிக் கேட்கிறாள்: அப்படியானால் சார்ல்ஸுக்கு? அவனுக்கு இது எப்படி நன்மையாக நடக்கிறது?

சில வருடங்களுக்கு முன் என் நண்பனின் மகன் இறந்தான். ஒன்பது வயது. அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது இந்த வசனம்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, “தண்ணி குடிக்கணும்” என்று உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. வேலை அதிகம் போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வசனம் பொய் என்று நாவல் சொல்லவில்லை. வசனத்தைச் சொல்கிறவர் அந்த நேரத்தில் தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஆள், கேட்கிறவள் கோபத்தில் இருக்கும் பெண். அவள் கேள்விக்கு விடையும் வருவதில்லை. லெங்கிள் நினைத்திருந்தால் அப்பா வாயில் இரண்டு பத்தி விளக்கம் வைத்திருக்கலாம். நானாயிருந்தால் வைத்திருப்பேன்.

பிப்ரவரி 23

மகள் படித்து முடித்துவிட்டாள். (சட்டம் தளர்த்தப்பட்டது, அறிவிப்பு இல்லாமல்.) எது பிடித்தது என்று கேட்டேன். மிஸஸ் வாட்ஸிட் மெக்குக்குப் பரிசாக அவளுடைய குறைகளைக் கொடுப்பது என்றாள். கோபம், பொறுமையின்மை, பிடிவாதம். கமாஸோட்ஸில் அவளைக் காப்பாற்றப்போவது அவைதான்.

“பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும், அதானே?” என்றேன்.

“அப்பா, நான் வெறும் கதையைச் சொன்னேன்.”

மிஸஸ் ஹூ வாயை மூடிக்கொண்டாள்.

மார்ச் 1

இந்த நாவலில் என்னை உண்மையிலேயே உலுக்கியது எது என்று இப்போதுதான் பிடிபடுகிறது.

மெக் கடைசியாகத் திரும்பிப் போகும்போது, ‘இட்’டிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது, அதை நீயே கண்டுபிடி என்று அனுப்புகிறார்கள். முதலில் கோபம் என்று நினைக்கிறாள். கோபம் ‘இட்’டிடம் ஏராளமாக இருக்கிறது, வெறுக்க வெறுக்க அவள் அதற்குள்ளேயே இழுபடுகிறாள். மகளுக்குப் பிடித்த அந்தக் குறைப் பரிசு ஓரளவுக்குத்தான் உதவுகிறது, அதற்கு மேல் அதுவே குழி. பிறகுதான் அன்பு என்று விளங்குகிறது.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘இட்’டையே நேசித்துவிட்டால் அது ஒருவேளை வாடி விழுந்துவிடக்கூடும் என்று மெக் நினைக்கிறாள். ஆனால் அவளால் முடியவில்லை. முடியவில்லை என்று அவளே தனக்குள் ஒப்புக்கொள்கிறாள். தம்பியை நேசிக்க முடியும், அதைச் செய்கிறாள். அவன் ஓடி வந்து கட்டிக்கொள்கிறான். ‘இட்’ நேசிக்கப்படாமல் அங்கேயே கிடக்கிறது.

“உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்” என்று வருடா வருடம் நான் பாடம் எடுக்கிறேன். கைதூக்கச் சொன்னால் இருபத்திரண்டு கையும் உயரும். எனக்கே சபைக் குழுவில் ஒருவர் இருக்கிறார், அவர் எழுந்து ஜெபிக்கும்போது என் மனம் வேறெங்கோ போய்விடும். முயன்று பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மெக்காவது முயன்றாள்.

மார்ச் 1, சற்று நேரம் கழித்து

ஒருவர் எபேசியர் 6:12-ஐ நீட்டியிருக்கிறார். நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல, ‘இட்’ ஒரு பொல்லாத ஆவி, அதை நேசிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, மெக் செய்தது சரிதான் என்கிறார். நல்ல பாயிண்ட். ஆனால் அது மூளை ஐயா, மாம்சம்தானே!

விளையாட்டுக்குச் சொன்னேன். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் மெக் தன்னால் முடியவில்லை என்றுதான் வருந்துகிறாள், தேவையில்லை என்று தோளைக் குலுக்கிக்கொள்ளவில்லை. எனக்குக் குத்துவது அந்த இடம்தான்.

மார்ச் 2

படத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 2018-இல் டிஸ்னி எடுத்தது, இயக்கம் ஏவா டுவெர்னே. பார்த்தேன். பட்டியல் இருக்கிறது, இயேசு இல்லை. விவிலிய வசனங்களும் இல்லை. நான் முதல் நாள் கேட்டபடி பார்த்தால் எனக்குத் திருப்தியாக அல்லவா இருக்க வேண்டும்? இயேசுவை மற்றவர்களோடு சேர்க்காதே என்றேன், சேர்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல இருந்தது.

மார்ச் 8

இன்று வகுப்பில் பட்டியல் பக்கத்தை வாசித்தேன். முழு நாவல் அல்ல, அந்த ஒரு பக்கம். முன்னதாக அந்தத் தாயாரிடம் போய், அன்று படிக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். “நானும் படிக்காமத்தானே கேட்டேன் பிரதர்” என்றார்.

பிள்ளைகள் வழக்கம்போல ஒரே குரலில் “தப்பு சார்” என்றார்கள். ஏன் தப்பு என்றதற்குப் பதில் இல்லை. பின்வரிசைப் பையன்தான் கை தூக்கினான். “அதே யோவான் முதலாம் அதிகாரத்துல எட்டாம் வசனம் இருக்கே சார். யோவான் ஸ்நானன் அந்த ஒளியல்ல, ஒளியைக்குறித்துச் சாட்சிகொடுக்க வந்தவன். அப்ப இவங்கல்லாம் அந்த மாதிரின்னு வச்சுக்கலாமா?”

நான் ஒன்பதாம் வசனத்தைப் பார்க்கச் சொன்னேன். “உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி.” எந்த மனுஷனையும். பாக்கையும் கியூரி அம்மையாரையும் சேர்த்துத்தான். ஆனால் நாவல் இந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை. ஒளியையும் ஒளி பெற்றவர்களையும் போராளிகள் என்ற ஒரே பெயரில் அழைத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த அளவுக்கு என் மறுப்பு நிற்கிறது, அதை விடப்போவதில்லை. சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் படிக்கட்டும் என்று என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். புத்தரை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு பெண் கேட்டாள். மணி அடித்துவிட்டது. அந்த மணிக்கு நான் நன்றிக்கடன் பட்டவன், அடுத்த ஞாயிறு அவள் விடமாட்டாள்.

மார்ச் 9

சில்லறைக் கணக்குகள்.

ஒன்று, 1-ஆம் தேதிக் குறிப்பில், ‘இட்’டிடம் இல்லாத ஒன்று என்று சொல்லி அனுப்பியது யார் என்று எழுதாமல் விட்டேன். மிஸஸ் விச். மிஸஸ் வாட்ஸிட் கொடுத்தது தன் அன்பை. மிஸஸ் ஹூ கொடுத்தது 1 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்திலிருந்து, “தேவனுடைய பைத்தியம் என்னப்படுவது மனுஷருடைய ஞானத்திலும் அதிக ஞானமாயிருக்கிறது” என்ற பகுதி. மாபெரும் மூளையோடு மோதப் போகிறவள் கையில் கொடுத்தனுப்ப இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்?

இரண்டு, நண்பனுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். “எதை?” என்றான். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பையன் இருந்திருந்தால் இப்போது எந்த வகுப்பில் இருப்பான் என்று அவனாகவே கணக்குச் சொன்னான். நாற்பது நிமிடம் பேசினோம், பெரும்பாலும் அவன்.

மூன்று, இதே வரிசையில் அடுத்த நாவல் 1973-இல் வந்தது, ‘ஏ விண்ட் இன் த டோர்’. அதில் ஏகப்பட்ட இறக்கைகளும் கண்களுமாக ஒரு கேருபீன் வருகிறதாம், எசேக்கியேலிலிருந்து நேராக இறங்கி வந்ததுபோல. வீட்டுச் சட்டப்படி அதை முதலில் நான்தான் படிக்க வேண்டும். கேட்டால், மகள் பாதிக்கு வந்துவிட்டாளாம். முடித்ததும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.